களிசானுக்கு இல்லாத கலாசாரம்

திருக்கையை வெட்டுகிறவர் முதலில் வாலைத்தான் தறித்து எறிவார். வாலில் இருக்கும் முள் நஞ்சுள்ளது. கடலில் ஒருமுறை குத்து வாங்கியவர் அந்த வலியை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். திருகோணமலைக் கரையில் வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரப் பாடப்புத்தகம் தேவையில்லை. காயவைத்த திருக்கை வாலுக்குப் பழைய நாளில் வேறொரு பயனும் இருந்தது. குற்றம் செய்தவனை அடிக்கும் சவுக்கு அது.

2015 டிசம்பர் 20ஆம் திகதி கொழும்பில் ஸ்பானியப் பாடகர் என்ரிக் இக்லேசியாஸின் இசை நிகழ்ச்சி நடந்தது. ரசிகைகள் சிலர் மேடையேறி அவரை முத்தமிட்டார்கள், ஒருவர் உள்ளாடையைக் கழற்றி வீசினார். சில நாள் கழித்து, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன ஒரு கூட்டத்தில் இதைக் கையிலெடுத்தார். அந்தப் பெண்கள் நாகரிகமற்றவர்கள், அவர்களை அடிக்கவேண்டும் என்று தாம் சொல்லவில்லை, ஆனால் நிகழ்ச்சியை நடத்தியவர்களைத் திருக்கை வாலால் அடிக்கவேண்டும் என்றார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிரித்தன. உள்ளூரில் சிரிக்காமல் தலையாட்டியவர்கள் நிறையப் பேர்.

அதே டிசம்பரில், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சென்னை வெள்ளத்தில் கிடந்த நேரம், சிலம்பரசன் பாடிய 'பீப் பாடல்' இணையத்தில் கசிந்தது. பெண்ணுறுப்பை வைத்துச் சொல்லும் வசவின்மேல் ஒரு 'பீப்' ஒலியைப் போட்டு மூடியிருந்தார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் கோயம்புத்தூரில் புகார் கொடுத்தது, பொலிஸ் வழக்குப் பதிந்தது. வெளியிடுவதற்காகச் செய்த பாட்டு இல்லை, யாரோ திருடிப் போட்டுவிட்டார்கள் என்பது பாடியவர் தரப்பு விளக்கம். பாட்டுத்தானே, இதற்குப்போய் ஏன் இவ்வளவு என்று கேட்டவர்களும் இரு கரையிலும் இருந்தார்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் கணக்கு விளங்கும். ஒரு பெண் தன் சந்தோசத்துக்குத் துள்ளினால் நாட்டின் கலாசாரம் ஆட்டம் காண்கிறது. ஓர் ஆண் பெண்களை வைதால் அது பொழுதுபோக்கு. கலாசாரத்தைக் காவல்காக்கும் வேலையை நாம் பெண்ணின் உடம்பிடம் ஒப்படைத்துவிட்டோம். கூலி இல்லாத அந்த வேலையில் தவறு நடந்தால் தண்டனை மட்டும் உண்டு. சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று மூன்று சமூகங்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வாழும் திருகோணமலை மாவட்டத்தில், மூன்று தரப்பு ஆண்களும் வாதமே இல்லாமல் ஒத்துப்போகும் விசயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பஸ்ஸில் ஒலிக்கும் பாட்டு

கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ திருகோணமலையிலிருந்து தனியார் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். பயணம் தொடங்குவதற்கு முன்பே பாட்டுத் தொடங்கிவிடும். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. காதலிக்க மறுத்த பெண்ணைத் திட்டும் பாட்டு, அவள் பின்னால் தெருத்தெருவாகத் திரிவதைப் பெருமையாகச் சொல்லும் பாட்டு, அவளுடைய நிறத்தையும் இடுப்பையும் கணக்கெடுக்கும் பாட்டு. 2011இல் 'கொலவெறி' உலகம் முழுக்கச் சுற்றிய பிறகு, ஏமாந்த காதலன் பெண்குலத்தையே வைவது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது.

அந்த பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் கேட்டுப் பார்த்தது. 2017இல் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் போகும் பெண்களில் 90 சதவீதத்தினர் ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள். பொலிசுக்குப் போனவர்கள் 4 சதவீதம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமென்று 1995இலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. பாட்டைக் கேட்டுத்தான் ஆண்கள் கை நீட்டுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி நேர்கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது. ஆனால் தொந்தரவு செய்கிறவனும் படுகிறவளும் பார்த்தும் பாராமல் இருக்கும் மற்ற ஐம்பது பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள். மறுப்பு என்பது பெண்ணின் பாசாங்கு, தொடர்ந்து போனால் இணங்குவாள் என்று அந்தப் பாட்டு அத்தனை பேருக்கும் சொல்லிக்கொண்டே வருகிறது.

பழியை முழுக்கக் கோடம்பாக்கத்தின் தலையில் இறக்கிவைப்பது நமக்கு வசதி. நம்முடைய சொந்தச் சரக்கையும் பார்க்கவேண்டும். நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' ஈழத்துப் பொப் இசையின் அடையாளம். கல்யாண வீட்டில் அது ஒலித்தால் கிழவர்களும் எழும்பி ஆடுவார்கள். மாமியிடம் மகளை விசாரிக்கும் பாட்டு அது. மருமகன் கேட்கிறான், மாமி மறுமொழி சொல்கிறார். விசாரிக்கப்படுகிறவள் வாய் திறப்பதேயில்லை. இதை எழுதியதற்காக அடுத்த கல்யாணத்தில் யாரும் ஆடாமல் இருக்கப்போவதில்லை, நானுந்தான்.

சாஸ்திரிய இசை இதைவிடப் பண்பானது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் சின்ன வயதிலிருந்தே வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு இருக்கிறார்கள். வாய்ப்பாட்டு, பரதம், வயலின், வீணை என்று படிப்படியாக ஏறி, ஆசிரியர் தரம் வரை தேறிக் 'கலாவித்தகர்' பட்டம் வாங்குவதும் உண்டு. மட்டக்களப்புக் கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய சுவாமி விபுலாநந்தர் பெயரிலான நிறுவகம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அங்கும் பெண்பிள்ளைகளைத்தான் அதிகம் காணலாம். இவ்வளவு பேர் படித்தும் கோயில் திருவிழா மேடையில் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பது ஆண்கள்தான். பாட்டும் பரதமும் பெண்பிள்ளைக்கு ஒரு 'தகைமை', கல்யாணப் பேச்சில் சொல்ல உதவும். தாளத்தைக் கையில் எடுப்பது வேறு கதை.

இந்தக் கதை கடலுக்கு அந்தப் பக்கத்திலும் பழையது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை என்று இருந்தார். டி. கே. பட்டம்மாளுக்காகத்தான் அந்த விரதம் கலைந்தது. கடம் வாசித்த சுகன்யா ராம்கோபாலுடன் மேடையில் உட்கார மிருதங்க வித்துவான்கள் சிலர் மறுத்தார்கள். அவர் 1995இல் பெண்களை மட்டும் சேர்த்து 'ஸ்திரீ தாள் தரங்' என்ற குழுவைத் தொடங்கிக் கடத்தை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். நம் பாடசாலைகளில் மிருதங்க வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் பெண்பிள்ளையிடம் 'கை மரத்துப்போகும், வீணை பழகு மகள்' என்று அன்பாகத்தான் சொல்வார்கள். பாகுபாடு நம் ஊரில் பெரும்பாலும் கோபத்தோடு வருவதில்லை. அக்கறையோடுதான் வரும், அதனால்தான் எதிர்த்துப் பேசவும் முடிவதில்லை.

வானொலியை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாடே இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இராஜேஸ்வரி சண்முகம் போன்ற பெண் அறிவிப்பாளர்களின் குரல் இரு கரையிலும் வீட்டுக் குரல். இலக்கியமும் நாடகமும் அவர்கள் நாவில் அப்படிப் புரண்டன. அதே வானொலியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நிகழ்ச்சி 'பூவும் பொட்டும்'. அன்றைக்கு அந்தப் பெயர் யாரையும் உறுத்தவில்லை போலும். பூவும் பொட்டும் வைக்கக்கூடாது என்று நம் சமூகம் ஒதுக்கிவைத்த கைம்பெண்கள், பொட்டே வைக்காத முஸ்லிம் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் சமைத்தார்கள். போர் முடிந்தபோது கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் நின்றன. கருவாடு காயவைத்தும் வீடு வீடாக மீன் விற்றும் பிள்ளைகளைப் படிக்கவைத்த அந்தப் பெண்களின் நாளாந்தம் எந்தத் தொலைக்காட்சித் தொடருக்கும் கதையாகவில்லை. மாலையானால் சன், விஜய் தொடர்கள். அவற்றில் விடியற்காலை நாலு மணிக்குப் பட்டுச்சேலையோடு எழும்பும் மருமகள், அவளுக்குச் சூழ்ச்சி செய்யும் இன்னொரு பட்டுச்சேலை.

பாடசாலை வாசல்

கல்வியில் நாம் பின்தங்கவில்லை என்று சொல்ல நம்மிடம் கணக்கு இருக்கிறது, அது உண்மையான கணக்கு. இலங்கையில் பல்கலைக்கழகம் புகுகிறவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் பொறியியல் பீடத்துக்குப் போனால் நாலில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்து தொழிற்படைக் கணக்கைப் பார்த்தால், வேலைக்குப் போகிற அல்லது வேலை தேடுகிற பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான், ஆண்களில் அது 70 சதவீதம். எங்கே கழன்றுபோகிறார்கள்? சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போது பெண்பிள்ளையை மனையியலுக்கும் ஆண்பிள்ளையை விவசாயத்துக்கும் அனுப்பும் பழக்கத்தில் அது தொடங்குகிறது. 'ரீச்சிங் கிடைத்தால் போதும், அரைநாள் வேலை, வீட்டையும் பார்க்கலாம்' என்ற கல்யாணச் சந்தைக் கணக்கில் அது முடிகிறது. அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் பெண்களாக இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அந்த நாலில் மூன்று பேர் என்ன உடுத்தவேண்டும் என்பதுதான் 2018இல் திருகோணமலையை இரண்டாகப் பிளந்தது.

ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெண் நிறுவிய பாடசாலை. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதே வீண்செலவு என்று பலர் எண்ணிய காலத்தில் அது பெரிய துணிச்சல். இன்று அது தேசிய பாடசாலை, அரசாங்கம் நடத்துவது. முஸ்லிம் ஆசிரியைகளும் அங்கே கற்பிக்கிறார்கள். அவர்கள் வேலைக்குச் சேலை உடுத்தே வந்துகொண்டிருந்தார்கள். 2018 ஏப்ரலில் சிலர் அபாயா அணிந்து வந்தார்கள். ஏப்ரல் 25ஆம் திகதி பாடசாலைக்கு முன்னால் பெற்றோரும் பழைய மாணவிகளும் சுலோக அட்டைகளோடு நின்றார்கள். இந்துப் பாடசாலையின் பாரம்பரியத்தைக் காப்பாற்று என்பது கோரிக்கை. பதிலுக்கு முஸ்லிம் தரப்பிலும் கூட்டங்கள், கண்டன அறிக்கைகள். பேச்சாளர்கள், அரசியல்வாதிகள், சமயத் தலைவர்கள் எல்லாரும் களத்தில் இறங்கினார்கள். ஆசிரியைகள் தற்காலிகமாக வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அப்போது எழுதப்பட்டதெல்லாம் இனப் பிரச்சினையாகவே எழுதப்பட்டது. தமிழர் நிலம், முஸ்லிம்களின் உரிமை, வஹாபியம், சைவப் பாரம்பரியம் என்று பத்திகள் நிறைந்தன. போரில் இரு சமூகங்களும் ஒன்றுக்கொன்று செய்ததை மறக்காத மாவட்டம் இது, ஆகவே அந்தப் பயங்களை வெறும் வேசம் என்று தள்ளிவிட முடியாது. என்றாலும் அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்னக் கேள்வி யார் காதிலும் விழாமல் போயிற்று. அதே பாடசாலைகளில் கற்பிக்கும் ஆண் ஆசிரியர்கள் என்ன உடுத்தி வந்தார்கள்?

களிசானும் சேட்டும். தமிழ் ஆசிரியரும் அதுதான், முஸ்லிம் ஆசிரியரும் அதுதான், கந்தளாயிலிருந்து வரும் சிங்கள ஆசிரியரும் அதுதான். வேட்டி கட்டாத சைவ ஆசிரியரைப் பார்த்து எந்தப் பழைய மாணவர் சங்கமும் பாரம்பரியம் போயிற்றே என்று அட்டை பிடிக்கவில்லை. களிசான் இங்கே கப்பலில் போர்த்துக்கேயரோடு வந்து இறங்கிய உடுப்பு. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கல்லை எடுத்துக் கோட்டை கட்டியவர்களின் உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு நின்றுதான் நாம் ஆசிரியைகளிடம் கலாசாரம் கேட்டோம்.

சேலையும் அபாயாவும் காலங்காலமாக இப்படியே இருந்தவை என்ற எண்ணத்தையும் கொஞ்சம் உதறிப் பார்க்கலாம். கரையோரச் சிங்களப் பெண்கள் ஐரோப்பிய கவுனும் சட்டையும் அணிந்த காலத்தில், அதைக் கைவிட்டுச் சேலைக்கு வரும்படி பிரசாரம் செய்தவர்களில் அநகாரிக தர்மபால முதன்மையானவர். அவரும் ஓர் ஆண், ஐரோப்பிய ஆதிக்கத்தை எதிர்க்கும் போர்க்களமாகப் பெண்ணின் உடையைத் தெரிந்தெடுத்தவர். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் நீண்டகாலம் சேலை உடுத்து, முந்தானையால் முக்காடு போட்டவர்கள். எங்கள் மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பழைய கல்யாணப் படங்களில் அதைப் பார்க்கலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தோடு, 1980களுக்குப் பிறகுதான் கறுப்பு அபாயா இங்கே பரவியது. ஆக, புதிது ஒன்றும் பழையது ஒன்றும் மோதியதாகச் சொல்லப்பட்ட சண்டையில் இரண்டுமே நம் பாட்டிமாரின் காலத்துக்கு இந்தப் பக்கம் உறுதிப்பட்ட சீருடைகள்.

அபாயா தன் விருப்பமென்று ஓர் ஆசிரியை சொன்னால் அது அவருடைய விருப்பம், அங்கே பேச்சு முடிந்தது. சண்முகா வாசலில் நடந்த போராட்டம் பிழையென்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவருக்காகக் கொடி பிடித்து வீதிக்கு வந்த ஆண்களில் எத்தனை பேர், அபாயா வேண்டாம் என்று சொல்லும் தங்கள் வீட்டு மகளுக்காகவும் வருவார்கள் என்ற கேள்வியையும் விடமுடியாது. அதே மாதிரி, சேலைதான் பண்பாடு என்று முழங்கிய தமிழ் ஆண்கள் வெளிநாட்டிலிருந்து வரும் தங்கள் தங்கச்சியின் ஜீன்ஸைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஊரில் இருக்கிறவள்தான் ஊரின் மானம், வெளிநாட்டுக்காரி தப்பிவிட்டாள்.

கொழும்பின் சுற்றறிக்கைகள்

இது கிழக்கின் நோய் மட்டும் என்று யாரும் ஆறுதல் கொள்ளவேண்டாம். சண்முகாப் பிரச்சினைக்கு மூன்று மாதம் முந்தி, 2018 ஜனவரியில், பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது, மதுச்சாலையில் அவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டின் விதியை நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் நீக்கினார். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அதே சிறிசேன அதை மீளப் பெறும்படி உத்தரவிட்டார். குடிப்பது நல்லதா என்பது வேறு வாதம். திருகோணமலை மதுக்கடை வாசலில் சம்பளநாளன்று நிற்கும் வரிசையைப் பார்த்து அந்த வாதத்தைத் தொடங்கலாம். ஆனால் அந்த வரிசைக்குச் சட்டம் இல்லை.

மறு மாதமே, 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது. உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் தந்த நாட்டுக்கு, பிரதேச சபைக் கதிரையில் பெண்ணை உட்காரவைக்க ஒதுக்கீட்டுச் சட்டம் தேவைப்பட்டது. ஒருபக்கம் கதவைத் திறப்பதும் மறுபக்கம் இழுத்துச் சாத்துவதுமாகத்தான் அந்த ஆண்டு போயிற்று. ஒக்டோபரில் சென்னையில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டை வெளிப்படையாக வைத்தார். வைரமுத்து மறுத்தார். பிறகு சந்தா கட்டவில்லை என்ற காரணம் சொல்லி டப்பிங் கலைஞர் சங்கம் சின்மயியின் உறுப்புரிமையை நீக்கியது. நம் இசையுலகில் வாய் திறந்த பெண்ணுக்கு முதலில் போனது வேலை.

2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். முகத்தை மூடும் உடைக்கு அவசரகாலத் தடை வந்தது, அதன் காரணம் விளங்கக்கூடியது. ஆனால் மே மாத இறுதியில் பொது நிர்வாக அமைச்சு இன்னொரு சுற்றறிக்கை விட்டது. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலையான ஒசரியதான் உடுத்தவேண்டும் என்றது அது. ஆண்களுக்கு வழக்கம்போலக் களிசானும் சேட்டும், விரும்பினால் தேசிய உடை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். விளைவைச் சுமக்கச் சொன்னது அலுவலக எழுதுவினைஞர் பெண்களை. மனித உரிமைகள் ஆணைக்குழு கேள்வி எழுப்பியது, அடுத்த மாதமே அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

பிறகு 2022. பொருளாதாரம் விழுந்தது, பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, சேலை ஒன்றின் விலை ஆசிரியைச் சம்பளத்தைக் கடித்தது. அந்த நவம்பரில் நாட்டின் பல பாகங்களில் ஆசிரியைகள் சிலர் சேலை இல்லாமல், வசதியான வேறு உடையில் பாடசாலைக்குப் போய்ப் படங்களை முகநூலில் போட்டார்கள். பௌத்த பிக்குகள் சிலரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ஆசிரியைகளின் உடையில் மாற்றமில்லை என்று கல்வியமைச்சர் சுசில் பிரேமஜயந்த சொல்லிவிட்டார். கொழும்பில் காரில் இறங்கும் ஆசிரியைக்கு அது கௌரவப் பிரச்சினையாக இருக்கலாம். மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் படகேறுகிறவருக்கும், ஈச்சிலம்பற்றையில் மழைச் சேற்றுக்குள் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாகக் குந்திப் போகிறவருக்கும் ஆறு யார் துணி வேறு பிரச்சினை. சேலை பிடிக்காதவர்கள் இல்லை அவர்கள். விடுமுறை நாளில் ஆசையாக உடுத்துவார்கள். கட்டாயம்தான் கனக்கிறது.

துருக்கித் தொப்பி

ஆண்களின் உடுப்பு ஒருபோதும் பிரச்சினையானதில்லை என்று எழுதிவிட்டால் அது சரியான வரலாறு ஆகாது. 1905இல் ஆனது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எம். சி. அப்துல் காதர், இலங்கையின் முதல் முஸ்லிம் அத்துவக்காத்து, துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட எழுந்தார். பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். சப்பாத்தைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் தொப்பியைக் கழற்றவேண்டும் என்பது நிலை. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் மருதானையில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டத்துக்கு இந்தியாவிலிருந்தும் பேச்சாளர் வந்தார். கடைசியில் தொப்பி வென்றது.

நூறு ஆண்டுக்கு மேல் கழித்தும் இலங்கை முஸ்லிம்கள் பெருமையோடு சொல்லும் நிகழ்வு அது. ஓர் ஆணின் தலைமேல் இருந்ததை அவருடைய உரிமையாகவும் தன்மானமாகவும் பார்க்க எல்லாருக்கும் முடிந்தது. அப்துல் காதர் தமக்காகத் தாமே நீதிமன்றத்தில் நின்றார், அவரை யாரும் சமூகத்தின் கற்பு என்று அழைக்கவில்லை. தமிழர் பக்கத்திலும் அதே காலத்து ஓர் ஆளைப் பார்க்கலாம். 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். பெண் படிக்கலாம், படித்து நல்ல தாயாகலாம், நாட்டைத் தீர்மானிக்க அவள் ஏன் வரவேண்டும்? அவர் எதிர்த்தும் 1931இல் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குத் தெரிவானார். நம் பாடப்புத்தகத்தில் இராமநாதனுக்குப் படம் இருக்கிறது. நேசம் சரவணமுத்துவின் பெயரை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், எத்தனை கை உயர்கிறதென்று.

சண்முகா விவகாரம் தணிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரம், 2024இல் திருகோணமலை மறுபடி செய்தியானது. இம்முறை ஸாஹிரா கல்லூரி. அந்த ஜனவரியில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள், மே மாத இறுதியில் நாடு முழுக்க வெளியானபோது நிறுத்திவைக்கப்பட்டன. காதை மறைத்திருந்தார்கள் என்பது காரணம். காதுக்குள் புளூடூத் கருவி இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானதுதான், அதற்குப் பெண் மேற்பார்வையாளர் ஒருவர் மண்டப வாசலில் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அதைச் செய்யாமல், பரீட்சையை எழுத விட்டு, திருத்திய பிறகு பெறுபேற்றைப் பிடித்துவைத்தார்கள். பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் நெருங்க நெருங்க அந்த 70 வீடுகளிலும் என்ன பாடுபட்டிருப்பார்கள். பாராளுமன்ற உறுப்பினர்களும் அமைப்புகளும் தலையிட்ட பின்னரே அவை வெளியாயின. இந்த முறை வாசலில் சுலோக அட்டை இல்லை, மதக் கோசமும் இல்லை. ஒழுங்குவிதி என்ற பெயர் மட்டும் இருந்தது.

2018இல் இடம் மாற்றப்பட்ட சண்முகா ஆசிரியைகள் என்ன ஆனார்கள் என்று பத்திரிகைகள் அதன்பிறகு அதிகம் கேட்கவில்லை. அவர்கள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனார்கள். ஆணைக்குழு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகப் பரிந்துரை செய்தது. பரிந்துரை கோப்பில் கிடந்தது. அவர்களில் ஓர் ஆசிரியை மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். 2022 பெப்ரவரி 2ஆம் திகதி, கடமையேற்க அபாயாவோடு சண்முகாவுக்குத் திரும்பி வந்தார். அன்று நடந்த கைகலப்பில் அதிபரும் அவரும், இருவருமே பெண்கள், ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். வாசலுக்கு வெளியே மறுபடி இரு தரப்புக் கூட்டம். பின்னர், அபாயா அணிந்து கற்பிக்கத் தடையில்லை என்ற இணக்கத்தோடு நீதிமன்ற வழக்கு முடிந்தது. சேலை உடுத்து வரும் அவருடைய சக ஆசிரியைகள், தங்களுக்கும் வேறு உடை வேண்டுமென்றால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பது இன்னும் யாரும் கேட்காத வழக்கு.